இரண்டு விரல்கடை

கால் கட்டை விரல்கள் இரண்டும் சேரவில்லை. தங்கதுரை வெள்ளைத் துணிக் கிழிசலைப் பல்லில் கடித்துக்கொண்டு, அண்ணனுடைய இடது காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். இரண்டு விரல்கடை குட்டையான கால் அது. வெளிப்பக்கம் திரும்பியே கிடந்தது.

"இழுக்காதீங்க சித்தப்பா" என்றான் தமிழழகன்.

"இழுக்காம எப்பிடிடா கட்டறது? செத்தவருக்கு வலிக்கவா போவுது?"

"வேணாம். வுடுங்க."

அவனே துணியை வாங்கினான். ஒரு விரலில் முடிச்சுப் போட்டு, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, மற்ற விரலில் தளர்வாகச் சுற்றினான். கட்டு கோணலாக நின்றது.

விடிகாலையில் அப்பா காசிநாதன் மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அம்மா பெரியநாயகி தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சென்னையிலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவன் பழக்கத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கேதான் அப்பா நிற்பார். வேட்டியைத் தரை தொட இறக்கி விட்டுக்கொண்டு, தூணில் ஒரு கையை வைத்தபடி.

பந்தலில் ஒப்பாரி ஓய்ந்த இடைவெளியில் சின்னப்பொண்ணு அத்தை கேட்டாள்: "ஏண்டா, ஒன்னிய எப்பதான் மூஞ்சியோட காட்டுவாங்க சினிமாவுல? ஒங்கப்பன் பாக்காமயே போயிட்டாரே."



அவனுடைய தொழிலை ஊருக்குப் புரியவைப்பது கஷ்டம். உடம்பை ஒட்டிய கறுப்பு உடையில் பளபளக்கும் சிறு உருண்டைகளை ஒட்டிவிடுவார்கள். ஒன்றுமே இல்லாத கூடத்தில், சுற்றிலும் கேமராக்களுக்கு நடுவே, அவன் நடக்க வேண்டும், விழ வேண்டும், அழ வேண்டும். அந்த அசைவுகளை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, அதன் மேல் வேறொரு உடம்பைப் போர்த்திவிடும்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மலைப்பூதத்துக்கு ஆள் தேடினார்கள். "எவனும் பார்க்காத நடை ஒண்ணு வேணும். பார்த்ததும் ஜனங்க சிரிக்கணும்" என்றார் டைரக்டர். தமிழழகன் ஐந்து விதமாக நடந்தான். எதுவும் சரிப்படவில்லை. ஆறாவது முறை அவன் யோசிக்கவில்லை. வலது கால் தொம்மென்று விழுந்தது. இடுப்பு ஒரு சுற்றுச் சுற்றியது. இடது கால் நுனிவிரலில் தத்தி வந்து சேர்ந்தது. இடது கை காற்றில் எதையோ பிடிக்கப் போவதுபோல் விரிந்தது. கூடமே கைதட்டிச் சிரித்தது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் கூலிக்குப் புளி உலுக்கப் போய், கிளை முறிந்து விழுந்து, எலும்பு கோணலாகக் கூடிய அப்பாவின் காலுடைய நடை அது. சின்ன வயதில் அந்தத் தோளில் சாய்ந்து, அந்தக் குலுக்கலில்தான் அவன் தூங்கிப் பழகினான். யாருடைய நடை என்று அவன் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

படம் வந்தபோது அப்பாவையும் அம்மாவையும் அவனே தியேட்டருக்கு அழைத்துப்போனான். பூதம் முதல் அடி வைத்ததும் தியேட்டர் இடிந்துவிழுவதுபோல் சிரித்தது. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்கடா இருந்த அதுல?" என்று வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்.

"அந்தப் பூதம் நான்தாம்மா."

"அடப்பாவி! நான் உன் மூஞ்சியத் தேடிக்கினே இருந்தேன்."

அப்பா மட்டும், "நல்லா நடந்தடா" என்றார். பிறகு, "நீங்க முன்னால போங்க, வர்றேன்" என்று பின்தங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

'உங்க நடைய எடுத்துக்கினது வருத்தமாப்பா' என்று அன்றே கேட்டிருக்கலாம். கேட்க நினைத்து மூன்று வருடங்கள் போய்விட்டன. அதன் பிறகு அவன் வந்தபோதெல்லாம் அப்பாவின் நடை சற்று நேராகியிருந்தது. "கால் தேவலையாப்பா?" என்றால் "தேவல" என்பார். அவனும் மனசு லேசாகித் திரும்பிப் போவான். "அடுத்த மாசம் வர்றம்பா" என்பான். அந்த அடுத்த மாதம் பெரும்பாலும் தள்ளிப்போகும்.

பாடை தயாரானது. சுடுகாட்டில் போட வேண்டிய பாய், தலையணை, பழைய சட்டைகளைத் தங்கதுரை ஒரு சாக்கில் அடைத்தார். வாசலில் கிடந்த செருப்பையும் எடுத்தார். இடது செருப்பின் முன்முனை மட்டும் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

ரோஜா மாலையோடு வந்து ஓரமாக நின்றிருந்த அமீனுல்லா, தமிழழகனின் அருகில் வந்தார். அப்பா மூட்டை தைத்த மண்டிக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருப்பவர்.

"தம்பி, இன்னொரு ஜோடி இருக்கணுமே."

"இன்னொரு ஜோடியா பாய்?"

"ஒனக்குத் தெரியாதா?" அவர் கொஞ்சம் தயங்கினார். "சொல்லக் கூடாதுன்னாரு. இனிமே யாருக்காக மறைக்கிறது? ஒன் படம் வந்தப்ப மார்க்கெட்டு பசங்க அவுரு பின்னாலயே நடந்துக்கினு 'பூதம், பூதம்'னு கத்துவானுங்க. நான் தொரத்துனா, 'வுடு பாய், கொழந்தைங்கதானே'ன்னு சிரிச்சிக்கினே போவாரு. ஒரு நாளு கடைக்கு வந்தாரு. 'எடது செருப்புக்கு அடியில ரெண்டு விரக்கட ஒசரத்துக்குக் கட்ட ரப்பர் வச்சி ஒட்டிக் குடு'ன்னாரு. 'பசங்களுக்கு பயந்தா?'ன்னு கேட்டேன்."

தமிழழகன் சித்தப்பாவின் கையிலிருந்த தேய்ந்த செருப்பைப் பார்த்தான்.

"'இல்ல பாய், எம் புள்ள வர்றான். பஸ் ஸ்டாண்டுல எவனாவது கத்தி அது அவன் காதுல வுழுந்தா மனசு ஒடிஞ்சிடுவான். அந்த நடதானே அவனுக்கு சோறு போடுது'ன்னாரு. நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் அதப் போடுவாரு தம்பி. பழகாத காலு, இல்லியா? இடுப்பு புடிச்சிக்கும். மறுநாளு மண்டிக்கு வர மாட்டாரு. நான் புரிஞ்சிக்குவேன், புள்ள வந்துட்டுப் போயிருக்குதுன்னு."

அமீனுல்லா அவன் தோளில் கையை வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஒருவர் செய்யும் நல்லதில் பாதி, அதைப் பெற்றவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. கடவுள் அதற்கு ஒரு சாட்சியை எங்கோ ஒரு கடையில் உட்கார வைத்திருக்கிறார்.

அவன் உள்ளே போனான். பெரியநாயகி சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அம்மா... அப்பாவோட இன்னொரு செருப்பு?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "கட்டிலுக்கு அடியில. அட்டப்பொட்டியில" என்றாள்.

பெட்டியை இழுத்துத் திறந்தான். துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒன்று சாதாரணச் செருப்பு. மற்றதன் அடியில் கறுப்பு ரப்பர், அடுக்கடுக்காக ஒட்டியது. வாருக்குள் விரலைவிட்டுத் திருப்பினான்.

வெளியே தப்பு மேளம் ஒலிக்கத் தொடங்கியது. தங்கதுரை சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? நேரமாவுது. போடு."

தமிழழகன் அந்த ரப்பரின் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துச் செருப்பு. அதன் வரிக்கோடுகள் ஒன்றுகூடத் தேயாமல், கடையில் வாங்கியதுபோல் அப்படியே இருந்தன.