செத்த எலிகளின் நோட்டு

கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெல்டர் ஒருவன் உள்ளே வந்தபோது, பேராசிரியை தன் ஆய்வகக் கணினியில் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்துப் பன்னிரண்டு. அவருடைய ஒரு கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் அத்தனை முறை ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். எலிகளின் மூர்க்கத்தை ஒரு மருந்து தணிக்கிறது என்று நிறுவிய கட்டுரை அது. அந்த மருந்து இப்போது மாத்திரையாகக் கடைகளில் கிடைக்கிறது.

"எங்கண்ணனுக்கு உங்க மாத்திரையத்தான் குடுத்தாங்க," என்றான் வெல்டர். கையில் இரும்புக் கம்பி இருந்தது. "கொஞ்சம் கோவக்காரன், அவ்வளவுதான். பதினோரு நாள் சாப்பிட்டான். முந்தாநாள் அண்ணியோட கழுத்துல குத்திட்டான்."

சட்டையைத் தூக்கினான். விலாவில் போட்ட தையல் பிரிந்து ரத்தம் கசிந்தது. "தடுக்கப் போனதுக்கு எனக்கு இது."

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"போய்ட்டாங்க. என்னைப் பெத்த பிள்ளையா வளத்தவங்க."

பேராசிரியையின் வாயில் வந்தது பழகிய பேச்சுதான். "ஒருத்தர வெச்சு மருந்தைக் குறை சொல்ல முடியாதுப்பா. நாலாயிரம் பேர் ஒத்துக்கிட்ட முடிவு..."

முதல் அடியில் சுவரிலிருந்த விருதுப் பலகை நொறுங்கியது. அடுத்த அடி மேசைமேல் இருந்த அவருடைய வலது கையில் விழுந்தது. விரல்கள் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. கம்பி மூன்றாம் முறை இறங்கியபோது, எலிக்கூண்டுகளைப் பராமரிக்கும் பெரியவர் குறுக்கே வந்து தோளில் வாங்கிக்கொண்டு சரிந்தார். மாணவர்கள் கேலியாக 'எலிச்சாமியார்' என்று கூப்பிடுவது இவரைத்தான்.

"போதும்பா," என்றார் தரையில் கிடந்தபடி. "இன்னும் அடிக்கணும்னா என்னை அடி. தப்பு என் கையாலயும் நடந்திருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள், பக்கத்தில் கூண்டு எண்.

"மருந்து குடுத்த கூண்டுல தெனம் காலைல ஒண்ணு ரெண்டு செத்துக் கெடக்கும். எல்லாத்துக்கும் கழுத்துல கடி. கூண்டுல எப்பவும் நாலு எலி இருக்கணும்னு உத்தரவு. செத்ததை எடுத்துட்டுப் புதுசு விட்ருவேன். ஒம்பது மணிக்குப் பசங்க வந்து காயத்தை எண்ணுவாங்க. காயம் கம்மின்னா மருந்து கேக்குதுன்னு எழுதிக்குவாங்க. புதுசா வந்த எலி உடம்புல காயம் ஏது?"

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே மேடம். 'நோஞ்சான் எலியா இருக்கும், போங்கண்ணே'ன்னு சொல்லிட்டீங்க. நானும் படிச்சவங்க சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் இந்த நோட்டு எதுக்கு?"

"உயிராச்சே. பேருமில்ல, அழ ஆளுமில்ல. ஒரு நிமிஷம் சாமி கும்பிட்டு ஒரு கோடு போட்டு வெப்பேன்."

இடது கையால் நோட்டை வாங்கிப் பேராசிரியை பக்கங்களைப் புரட்டினார். மருந்து கொடுத்த கூண்டுகளில் ஐம்பத்தெட்டு. வெறும் தண்ணீர் கொடுத்தவற்றில் மூன்று. திரையை நிமிர்ந்து பார்த்தார். நாலாயிரத்துப் பதின்மூன்று. இந்த நேரத்துக்குள் இன்னும் ஒருவர் அவரை நம்பியிருந்தார்.

காவலாளிகள் ஓடிவந்து வெல்டரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். காயம்பட்ட விலாவிலேயே உதை விழுந்தது. அவன் அலறினான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் பேராசிரியை. "அவருக்குத் தையல் பிரிஞ்சிருக்கு. டாக்டரக் கூப்பிடுங்க."

"மேடம், உங்க கை..."

"முதல்ல அவரப் பாருங்க."

பெரியவர் தவழ்ந்து போய் வெல்டரின் தலையை மடியில் தூக்கிவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றினார். அவரை அடித்த கை அவருடைய முழங்காலைப் பற்றிக்கொண்டது.

பேராசிரியை இடது கையின் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தை அடித்தார். என் கட்டுரை தவறு. திரும்பப் பெறுகிறேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மருத்துவர்களுக்கு இன்றே தெரிவியுங்கள். ஆதாரம்: கூண்டுப் பராமரிப்பாளரின் நோட்டு.

இருபது வருட உழைப்பும் அந்த நாலு வரியில் போயிற்று. ஆண்டவனின் இரக்கம் சில சமயம் ஒரு பென்சில் கோட்டின் அளவில்தான் வருகிறது. அதைப் பத்திரப்படுத்த யாராவது ஒருவர் இருந்தால் போதும்.

"அனுப்பிட்டீங்களா?" தரையிலிருந்து வெல்டர் கேட்டான்.

"அனுப்பிட்டேன்ப்பா."

அப்போதுதான் அவன் அண்ணியை நினைத்து வாய்விட்டு அழுதான்.