மத்தியானத்துக்கு ஒரு கட்டில்

இடம் போதாத வீட்டுக்காரர்களுக்கு அவளை விட்டால் வேறு கதி இல்லை என்று அவள் வேலை பார்க்கும் மரச்சாமான் கடையில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் பொறாமை உண்டு, பொய் இல்லை. அலமாரி வைத்தால் ஆள் நிற்க இடமில்லை, ஆள் நின்றால் அலமாரி திறக்க வழியில்லை என்று மூக்கால் அழுதுகொண்டு வருகிறவர்களின் வீட்டுக்குப் போய் ஒரு சுற்றுப் பார்ப்பாள். படிக்கட்டுக்கு அடியில் இழுப்பறை, ஜன்னல் மேடைக்குள் துணிப்பெட்டி, சுவரோடு சுவராக மடங்கும் கட்டில் என்று வரைந்து கொடுப்பாள். வேலை முடிந்து பார்த்தால் அதே வீட்டில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும். கடையில் அவளுக்கு மடக்கு மேடம் என்றே பெயர். காதுபடவே சொல்வார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மடக்குக் கட்டில் கேட்டு யார் வந்தாலும் முதலில் சுவரோரம் நிற்கவைத்து, "கையைத் தூக்குங்க" என்பாள். எக்கித் தொடக்கூடாது. நோகாமல் எவ்வளவு உயரம் போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவாள். கட்டிலை இழுத்து இறக்கும் கைப்பிடி அந்தக் கோட்டில்தான் வரும். முதலாளியே வந்து சொன்னாலும் ஒரு விரற்கடை மாற்ற மாட்டாள். "கைக்கு எட்டலைன்னா அது வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்பாள்.

அவள் வீட்டிலும் அப்படி ஒரு கட்டில் இருந்தது. ஒரு கூடம், ஓர் அறை, அவ்வளவுதான் வீடு. அறையில் கீழே அவளும் கணவனும், மேலடுக்கில் மகள். கூடத்துக் கட்டிலைத் தூக்கி மூடிவிட்டால் அதன் அடிப்பலகையிலிருந்து மேசை ஒன்று இறங்கும். அதில்தான் சாப்பாடு, மகளின் படிப்பு, இஸ்திரி எல்லாம். பத்திரிகையில் படம் போட்டு எழுதினார்கள். படத்தில் அவள் மேசையில் கையூன்றிச் சிரித்துக்கொண்டிருப்பாள். எப்போதாவது வருகிற விருந்தாளிக்கு என்று செய்த கட்டில் அது. அதில் அப்பா வந்து படுப்பார் என்று யார் கண்டார்கள்?

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். இனி தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவள் யாரையும் கேட்கவில்லை, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் அவளைக் குறை சொன்னால் சொன்ன வாய்க்குத்தான் பாவம். உப்பைக் குறைத்தாள், மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துவைத்தாள். மத்தியான மாத்திரை போட்டதும் கட்டாயம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு.

ராத்திரி மாப்பிள்ளை கட்டிலை இறக்கிவிடுவார். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிட்டு அப்பா ஓரமாக நிற்பார். கட்டில் மேலே போனால்தானே மேசை இறங்கும், மேசை இறங்கினால்தானே அந்த வீட்டில் பொழுது விடியும்? பிறகு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். "மத்தியானம் கட்டிலை இறக்கிப் படுத்துக்குங்கப்பா" என்று வாசலிலிருந்து சொல்வாள். அவர் தலையாட்டுவார். சாயங்காலம் வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "படுத்தீங்களா?" என்பதுதான்.

"படுத்தேன்மா. நல்ல தூக்கம்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

ஒரு நாள் கடைக்கு ஒரு பில்டர் வந்தார். அவர் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடம் முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள். எல்லாவற்றுக்கும் இவள் வரைந்த கட்டில்தான் என்று பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டால் சரி என்றார். மத்தியான வேளைகளில் அவள் வெளியே வேலை நடக்கும் வீடுகளில்தான் இருப்பாள். அன்று இவருக்காகக் கடையிலேயே தங்கியிருந்தாள். கடையின் பின்பக்கத்தில் மாதிரி வீடு ஒன்று உண்டு. அங்கே ஒரு கட்டிலை மெத்தை விரிப்போடு எப்போதும் இறக்கியே வைத்திருப்பார்கள்.

பில்டரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்திருந்தார். கடைத் தலையணையில் எண்ணெய் படக்கூடாது என்று துண்டை விரித்து, அதன்மேல் தலை வைத்திருந்தார். அந்தத் துண்டை அன்று காலை அவள்தான் மடித்துக் கொடுத்தாள்.

பில்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மேடம், கட்டிலோட ஆளையும் சேத்தா குடுக்கறீங்க?"

விற்பனைப் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "சாரி மேடம். மத்தியானத்துல வருவாரு. பாவம், வயசானவரு. கூட்டம் இல்லாத நேரந்தானேன்னு நான்தான் விட்டுட்டேன். யாருன்னெல்லாம் தெரியாது மேடம்."

சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார். மகளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பெரிய மனிதரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே எந்த ஸ்டாப்பில் இறங்குகிற ஆள் என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தெரியாம படுத்துட்டேன்."

பெற்ற மகளைப் பார்த்து மேடம் என்றார். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தொண்டை வரைக்கும் வந்ததுதான். ஊருக்கெல்லாம் இடம் செய்து கொடுக்கிறவளின் அப்பாவுக்கு வீட்டில் படுக்க இடமில்லையா என்று அந்த ஆள் நினைத்துவிட்டால்? அந்த நினைப்பு முந்திக்கொண்டது.

"பரவாயில்லைங்க, போங்க" என்றாள்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, யார்மேலும் இடிக்காமல் ஒதுங்கி வெளியே போனார். "படுத்ததும் இப்படித் தூக்கம் வருதுன்னா யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்ல" என்று பில்டர் அங்கேயே கைகொடுத்துவிட்டார். கடையே கைதட்டியது. அவள் மட்டும் வாசலைப் பார்த்தாள்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பா மேசையோரம் உட்கார்ந்து பேத்தியின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தார். தப்பு தன்மேல் இருந்ததால் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏம்ப்பா அங்க போனீங்க? வீட்டுல கட்டில் இல்லையா?"

"எட்டலைம்மா."

ஓடும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துப் பிடித்தே தேய்ந்த வலது தோள். அந்தக் கை காதுக்கு மேலே போகாது. இடது கையில் பலமில்லை. கூடத்துக் கைப்பிடி அவள் கணவனின் கைக்குப் போட்ட கோட்டில் இருந்தது. வந்தவர் போனவரையெல்லாம் கையைத் தூக்கச் சொன்னவள், அப்பாவை ஒரு தடவைகூடத் தூக்கச் சொல்லவில்லை.

"தரையில படுத்தா தூக்கிவிட ஆள் வேணும். உன் கடையில கட்டில் கீழயே கெடந்ததைப் பாத்திருக்கேன். பஸ்ல ஏறினா ரெண்டு ஸ்டாப். பஸ் என்ன எனக்குப் புதுசா?" என்றார் அப்பா.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"பேப்பர்ல வந்த கட்டிலும்மா. எனக்கு எட்டலைன்னு சொன்னா உனக்குச் சங்கடமா இருக்காதா?"

அவள் உடைந்துபோய் அழுதாள். அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தோளைத் தொடலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் தொட்டார்.

"அத விடு. அந்த ஆளு முடிச்சுக் குடுத்தாரா?"

"குடுத்துட்டார்ப்பா."

"அப்பாடா. எங்க என்னால கெட்டுடுமோன்னு இருந்துச்சு."

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகத்தான் நடந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையே கட்டிலை இறக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் மகள் தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து படித்தாள். அப்பா மத்தியானம் வீட்டிலேயே படுத்தார். கேட்டால், "படுத்தேன்மா" என்று மட்டும் சொன்னார். நல்ல தூக்கம் என்பதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடை விஷயத்தை அவள் எடுத்தபோதெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வந்து அப்பாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

"பெரியவரே, கூட யாரு வந்திருக்கா? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. சொல்லலாமா என்று கண்ணால் கேட்டார், அவ்வளவுதான்.

"எங்கப்பா" என்றாள் அவள். "நான் அவரோட மக."

சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நர்ஸ் நகர்ந்த பிறகுதான் அப்பா, "ஆமாங்க, மகதான்" என்றார். யார் காதிலும் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னார்.