கழுத்தில் கட்டிய துணி

தெருக்குப்பை அள்ள வருகிறவளுக்காகத் தையல்காரி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வீட்டில் தீர்ந்துபோன பாட்டில்களைக் கழுவி, கழுத்தில் வெட்டுத்துணி ஒன்றைக் கட்டித்தான் வெளியே வைப்பாள். துணி இருந்தால் பயமில்லாமல் கையில் எடுக்கலாம் என்பது இருவருக்குள்ளும் பேச்சு.

அப்படி ஒரு பாட்டிலைத்தான் தையல்காரியின் கொழுந்தன் எடுத்திருக்கிறான். கல்யாண வயசாகியும் வாலைச் சுருட்டத் தெரியாதவன். கழிவறை கழுவுகிற ஆசிட்டை வைத்து வெடிக்கிற மாதிரி ஏதோ செய்து, குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டு, யாராவது அலறினால் படம் பிடிக்கலாம் என்று போனும் கையுமாக நின்றிருக்கிறான். குப்பை அள்ள வந்தவள் கையில் எடுத்ததும் அது முகத்தில் வெடித்திருக்கிறது. அதற்குப் பெயர் விளையாட்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தையல்காரி சொல்ல வேண்டியதை மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனாள். வேணும்னு செய்யலம்மா, போலீஸ் கேட்டா பெரிசு பண்ணிடாதே.

கட்டிலில் கிடந்தவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. செருப்புச் சத்தத்தை வைத்தே, “டெய்லரக்காவா?” என்று கேட்டாள்.

“நான்தாம்மா.” தையல்காரி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் என்னையேதான் திட்டுறாங்கக்கா. கண்ட பாட்டிலையும் ஏன் தொட்டேன்னு.” போர்வை மேல் துழாவி வந்த கை இவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. “நான் கண்டதைத் தொடலக்கா. அதுல உங்க துணி கட்டியிருந்துச்சு.”