புள்ளிக்கோட்டின் மேல் ஓர் அடுப்பு

என் வீட்டுக்காரர் வினோத்துக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழைய வரைபடம்தான் பித்து. வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே படம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டியிருந்தார். "இந்தா பாரு பானு, கம்பெனிங்க இருக்கற எஸ்டேட் பூரா அப்ப பனமரம்" என்பார். பனைமரத்தைப் பார்த்து நான் என்ன செய்ய? அதற்குள் பால் பொங்கிவிடும்.

மேனாம்பேட்டில் எங்களுடையது உள்ளடங்கிய வீடு. பங்காளி முறையான சம்பந்தம் என்பவரின் காலி மனையைத் தாண்டித்தான் மெயின் ரோட்டுக்குப் போக முடியும். மனையை விற்கப்போகிறேன் என்று அவர் மதில் எழுப்ப ஆரம்பித்தார். அடுத்த வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒருக்களித்துப் போக ஒரு சந்து விட்டார், அவ்வளவுதான். என் மாமியார் நாகம்மாளுக்கு நடக்க முடியாது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், ஆட்டோ வாசலுக்கே வந்தாக வேண்டும். மதிலோ தினமும் ஏறிக்கொண்டே இருந்தது.

"வழி கீது!" என்று ஒருநாள் வினோத் குதித்தார். படத்தில் ஒரு புள்ளிக்கோடு. அந்தக் காலத்தில் ஆட்கள் நடந்த பாதையாம், சம்பந்தத்தின் மனையில் ஓடுகிறது. படத்தைக் கழற்றிக்கொண்டு, மதில் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தத்திடம் ஓடினார். நானும் மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சம்பந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டின் மேல் விரல் வைத்தார். விரல் ரோட்டிலிருந்து அவர் மனைக் கிணறு வரை வந்தது. அங்கே நிற்கவில்லை. நேராகப் பின்தெரு கங்கையம்மன் கோயிலுக்குப் போய்த்தான் நின்றது. கிணறும் கோயிலும் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது எங்கள் சமையலறை.

"பின்தெருக்காரங்க ரோட்டுக்கு நடந்த வழி தம்பி இது. உங்க நைனா அதும்மேலதான் ஊடு கட்டிக்கினாரு. நீ மொதல்ல உன் சமையக்கட்ட இடி. அப்பால நான் மதில இடிக்கறேன்" என்றார். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்பார்கள். இங்கே பங்காளி எங்களை வெட்டிவிட்டார்.

மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் துலுக்கானம் பின்தெருக்காரர். அவருடைய அப்பா எங்கள் வயலில் கூலி வேலை செய்தவர். கரணையைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க இன்னும் ரோட்டுக்குச் சுத்திக்கினுதான் போறோம்" என்றார்.

"மேப்பு தப்பு!" என்று மாமியார் கத்தினார். "அவனுங்க என் ஊட்டுக்குள்ள பூந்து போறதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், இடித்தால் அடுப்பை எங்கே வைப்பது என்றும் யோசித்தேன், பொய் சொல்வானேன். வினோத் படத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அது பீரோவுக்குப் பின்னால் போனது.

மதில் எழும்பிவிட்டது. அடுத்த டயாலிசிஸ் நாளன்று சக்கர நாற்காலி சந்துக்குள் நுழையவில்லை. மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் வினோத்தும் பின்னால் நானுமாகத் தூக்கினோம். பாதிச் சந்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ரோட்டில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். செங்கல் உரசி மாமியாரின் முழங்கையில் ரத்தம்.

"என்ன வுட்றாதடி" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மேலே சாரத்தில் நின்று மதிலைப் பூசிக்கொண்டிருந்த துலுக்கானம் எங்களைப் பார்த்துவிட்டார். மதிலுக்கு மேலாகக் குனிந்து, மாமியாரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். நாற்காலி விடுபட்டது. மாமியார் மட்டும் அவர் கையை விடவில்லை.

"துலுக்கானம், இடிச்சுடுப்பா."

"இந்த மதிலையாம்மா?"

"மதிலு அப்பால. மொதல்ல என் சமையக்கட்டு."