பிரேக் கட்டை

நாற்பத்தேழு வயதில் தனக்கு ஒருவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பார் என்று தணிகாசலம் நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, காலாப்பட்டுக்கு மேற்கே முந்திரி மரங்களுக்கு நடுவே, இருபது பேரோடு அவரும் வரிசையில் நின்றார். தலையில் ஹெல்மெட், முழங்காலில் கவசம், தொப்பையோடு மல்லுக்கட்டுகிற டீ சர்ட். மலைச் சைக்கிள் பயிற்சி முகாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். புதுச்சேரியில் மலை எங்கே இருக்கிறது என்று இரண்டு நாளாக வீட்டில் நக்கலடித்துக்கொண்டிருந்தவர், மழை அரித்து அரித்து உண்டாக்கிய அந்தச் செம்மண் பள்ளங்களை எட்டிப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார்.

மகள் கவிநிலாவுக்காக வந்தவர் அவர். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்பது முகாமின் சட்டம். கவிநிலாவுக்குப் பதினாறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது, கோரிமேட்டுப் பக்கம் செங்கல் ஏற்றிப் போன டெம்போ ஒன்று சட்டென்று நிற்க, அதன் பின்னால் போய் மோதினாள். இடது முழங்காலில் பிளேட் வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் சைக்கிளைத் தொடவில்லை. தொடுவதற்கு அம்மா நிர்மலாதேவி விடவும் இல்லை. "கண்ணு மண்ணு தெரியாம பறந்தா இப்பிடித்தான்" என்பதை நிர்மலா சொந்தபந்தத்தில் தொடங்கிப் பால்காரர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள். பெற்ற வயிறு பதறிச் சொல்வதுதான். ஆனாலும் கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணுக்கு முகமே சுண்டிப்போய்விட்டது. போன மாதம் அவளாகவே நோட்டீஸைக் கொண்டுவந்து, "அப்பா, நீ கூட வந்தா நான் போறேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "ரோட்டுல சைக்கிள் பெல்லு கேட்டாலே கை நடுங்குது. அது போவணும்" என்றாள். நிர்மலாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, இரண்டு பேர் பெயரையும் கொடுத்தார்.

கற்றுக்கொடுத்தவள் கலையரசி. வைத்திக்குப்பத்துப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். கடற்கரையில் மீன் ஏலம் போட்டுப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. "அண்ணே, அந்த ஹேண்டில் பார் உங்கள என்னா பண்ணுச்சு? கழுத்த நெரிக்காதீங்க, விடுங்க" என்று முதலில் அவரைத்தான் பிடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கவிநிலாவும் பல் தெரியச் சிரித்தாள். அதற்காக இன்னும் நாலு பேச்சு வாங்கலாம் என்று தணிகாசலத்துக்கு இருந்தது.

எட்டு மணிக்கு பிரேக் பாடம். "முன் பிரேக்கைத் தொடாதன்னு வீட்டுல சொல்லி வளந்தவங்க கையத் தூக்குங்க" என்றாள் கலையரசி. அநேகமாக எல்லாக் கையும் மேலே போனது. தணிகாசலம் கொஞ்சம் பெருமையாகவே தூக்கினார்.

"என்னாத்துக்குத் தொடக் கூடாது?"

"தூக்கி அடிச்சிரும்" என்றது கூட்டம் ஒரே குரலில்.

அவள் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். வேகமாக வந்து, கோட்டின் மேல் பின் பிரேக்கை மட்டும் பிடித்தாள். சக்கரம் இறுகி, மண்ணைச் சீய்த்துக்கொண்டு, எங்கோ போய் நின்றது வண்டி. அடுத்த முறை அதே வேகத்தில் வந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டுகூட இல்லை. "வண்டிய நிறுத்துறதே முன் பிரேக்தான். உடம்பப் பின்னால தள்ளிட்டுப் பதமாப் புடிச்சா தூக்காது" என்றாள்.

தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் இருபது வருஷ ஃபிட்டர் தணிகாசலம். அடுத்தவர் சொல்லி எதையும் நம்புகிற ஆளில்லை. தானே ஓட்டிப் பார்த்தார். கோட்டிலிருந்து காலால் அளந்து பார்த்தார். பின் பிரேக்குக்குப் பதினொரு எட்டு. இரண்டும் சேர்ந்தால் நான்கு. பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குத்தான் வருகிறது, அப்புறம் பின் சக்கரம் எதைப் பிடிக்கும் என்று மெஷினைப் பிரித்துப் பார்த்தது போல அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய அந்தக் கணமே மகளின் பழைய சைக்கிள் நினைவுக்கு வந்தது.

கவிநிலா எட்டாவது படிக்கும்போது சைக்கிள் வாங்கிக்கொடுத்த அன்று சாயங்காலம், முன் சக்கரத்தின் பிரேக் கட்டை இரண்டையும் அவர் கழற்றியிருந்தார். சின்ன வயதில் அவருடைய அண்ணன் முன் பிரேக்கைப் பிடித்துக் குப்புற விழுந்து இரண்டு பல்லைப் பறிகொடுத்தவர். அந்தக் கதி பிள்ளைக்கு வேண்டாமே என்றுதான். வண்டி மூளியாகத் தெரியக் கூடாது என்று பிரேக் பிடியையும் கம்பியையும் அப்படியே விட்டுவைத்தார். முன் பிரேக்கைத் தொடாதே என்று மகளிடம் சொல்லிவைத்தார். கட்டையைக் கழற்றியதை யாரிடமும் சொல்லவில்லை; சொல்கிற அளவுக்குப் பெரிய விஷயமாக அது அவருக்குப் படவில்லை. விபத்து நடந்த ஒரு வாரத்தில் நசுங்கிய சைக்கிளை நிர்மலா காயலான் கடைக்குப் போட்டுவிட்டாள். "ரெண்டு பிரேக்கையும் புடிச்சேம்மா, நிக்கலம்மா" என்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் அழுதபோது, "பொய் சொல்லாதடி" என்று நிர்மலா அதட்டினாள். பக்கத்திலேயே நின்ற தணிகாசலம் வாயைத் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. முன் பிரேக் வேலை செய்திருந்தால் டெம்போவுக்கு மேலேயே பறந்திருப்பாள், இல்லாததே நல்லது என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

இடைவேளையில் வாழைப்பழமும் சுண்டலும் கொடுத்தார்கள். மகளும் அப்பாவும் ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"அப்ப அம்மா சொன்னதுதான் சரி போலப்பா."

"எது?"

"நான் அன்னைக்கு ரெண்டையும் புடிச்சேன்னு சொன்னேன்ல. புடிச்சிருந்தாத்தான் நின்னிருக்குமே. பயத்துல புடிச்ச மாதிரி தோணியிருக்கு. ரெண்டு வருஷமா பொய்யே சொல்லிட்டிருந்திருக்கேன் பாரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். சைக்கிள் எந்த ஊரிலோ உருகிக் கம்பியாகிவிட்டது, இனி யார் வந்து கேட்கப் போகிறார்கள். வீட்டில் யாருமே நம்பாதபோதும் இந்தப் பெண் தன் கை செய்ததை நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் விடப் பார்க்கிறாள். சொன்னால் இவள் இனி தன்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம் இருந்தது. சுண்டலைக் கீழே வைத்தார்.

"நீ பொய் சொல்லல பாப்பா" என்றார். "புடிச்சிருப்ப. அங்க கட்டை இல்ல."

"என்னா?"

"முன் பிரேக்குல கட்டை இல்ல. நான்தான் கழட்டிட்டேன். வண்டி வாங்குன அன்னைக்கே."

கவிநிலா கையிலிருந்த பழத்தோலை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது தப்புன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்மா."

"நான் ஆஸ்பத்திரில சொன்னப்ப நீ அங்கதான இருந்த?"

சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. எல்லாம் உண்மைதான், எதுவும் உதவாது.

"இருந்தேன்" என்றார்.

கவிநிலா எழுந்து பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தாள். வாரை மாட்டிவிடப் போனவரிடமிருந்து ஒரு எட்டுப் பின்வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். "அம்மாகிட்ட நீயே சொல்லு. இப்பவே சொல்லு. வீட்டுக்குப் போனா நீ சொல்ல மாட்ட" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

உண்மைதான், சொல்ல மாட்டார். அது அவருக்கும் தெரியும். செல்போனை எடுத்து அழுத்தினார். முதல் மணியிலேயே நிர்மலா எடுத்துவிட்டாள். காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்திருப்பாள் போல.

"என்னாங்க? பாப்பா விழுந்துட்டாளா?"

"விழல."

"பின்ன என்னாத்துக்குப் போன் பண்றீங்க? எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிது."

மேட்டின் உச்சியில் கவிநிலா நின்றாள், ஒரு கால் பெடலில், ஒரு கால் மண்ணில். கலையரசி கீழே கோட்டுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கி நின்றாள். அவ்வளவு தூரத்திலும் மகளின் பார்வை சரிவின் மேல் இல்லை, தன் மேல்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"நிர்மலா, நம்ம பாப்பாவோட அந்தப் பழைய சைக்கிளு இல்ல…" என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

மேலே அவள் மண்ணிலிருந்து காலை எடுத்தாள்.