இதயராஜின் கழுத்தில் சிவப்பு மஃப்ளர்

அந்தச் சிவப்பு மஃப்ளர் ஆடிக்கொண்டிருக்கிறது, இதயராஜ் குனிந்து வாசிக்க வாசிக்க அதன் குஞ்சம் கீபோர்டைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது, கல்யாணமான முதல் மாதம் கொடைக்கானலில் மழைக்கு ஒதுங்கிய கடையில் ஜெயசீலிக்கு நான் வாங்கித் தந்தது, என் மனைவியின் மஃப்ளர் இவன் கழுத்துக்கு எப்படி வந்தது என்று யாரையும் கேட்காமல், எல்லாம் தெரிந்துவிட்டவன் போல நிற்கிறேன், திண்டுக்கல்லில் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் தகரக் கொட்டகை, மதிய வெயில், நான்தான் குழுவை நடத்துகிறவன், ஜெயசீலிதான் பாடகி. நாலு நாளுக்கு முன்னால் டிரம்ஸ் வாசிக்கும் சவரிமுத்து என் காதோரம் வந்து, நான் ஒண்ணும் சொல்லலப்பா, ஜெயசீலி பாடும்போது இதயராஜ் எங்க பாக்குறான்னு மட்டும் பாரு, என்றான், மறுநாள், அவ மஃப்ளர் எங்கன்னு கேட்டுப் பாரேன், என்றான், அதன்பிறகு தூக்கம் ஏது, கண்ணயர்ந்தால் இருவரும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டு என்னை விட்டு விலகிப் போகிறார்கள், விழித்தால் ஜெயசீலி பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள், அந்தக் குறட்டைகூட நடிப்பென்று நினைத்தேன்.

இனி நீ பாட வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் அவளே வருகிறாள், என்னங்க, நாலு நாளா என் சுருதியத் திட்டவே இல்ல, ஒடம்பு சரியில்லையா, என்கிறாள், மனப்பாடம் செய்துவைத்த கடுஞ்சொற்களெல்லாம் எங்கோ போய், ஒம் மஃப்ளர் அவன் கழுத்துல எப்படி வந்துச்சு, என்று மட்டும் கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள், அட, இதத்தான வீடு பூராத் தேடுனேன், என்று நேரே அவனிடம் போனாள், இதயராஜ் மிரண்டு, சளி பிடிச்சிருக்கு, கட்டிக்கன்னு சவரிமுத்தண்ணந்தான் குடுத்தாரு அக்கா, என்றான்.

எல்லோரும் திரும்பினோம். சவரிமுத்து குச்சிகளைக் கீழே வைத்தான், ஆமா, வேன்ல கெடந்துச்சு, நாந்தான் எடுத்தேன், இவங்க ரெண்டு பேரப் பத்தி ஒங்காதுல ஓதுனதும் நாந்தான், பதினெட்டு வருசம் ஒங்கூட மழையிலயும் வெயில்லயும் வேன் தள்ளிருக்கேன், போன மாசம் வந்தவன் பேர நோட்டீஸ்ல எம்பேருக்கு மேல போட்டுட்டியே, என்றான். கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன், ஜெயசீலி குறுக்கே நிற்கிறாள், அவர அப்புறம் அடிக்கலாம், அவர் சொன்னத நாலு நாளு நம்புனீங்கள்ல, அதுக்கு மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க.

ஓங்கிய கை தானாக இறங்கியது. தப்புதான், என்று முனகினேன், கேக்கல, என்று மைக்கை நீட்டினாள், தப்புதான், என்றேன், எக்கோ வைத்திருந்ததை மறந்துவிட்டேன், தப்புதான் தப்புதான் தப்புதான் என்று தகரக் கூரை முழுக்க உருண்டு தெருவுக்கே போய்விட்டது, எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், யாருப்பா அது, என்னப்பா செஞ்ச, என்று கத்தினார், முதலில் இதயராஜ் சிரித்தான், பிறகு ஜெயசீலி சிரித்துச் சிரித்து ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள், எனக்கும் வெட்கத்தோடு சிரிப்பு வந்தது, நாலு நாள் பாரம் அந்தச் சிரிப்போடு போயிற்று, சவரிமுத்து மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் குடு, என்று மைக்குக்குக் கை நீட்டினான், ஜெயசீலி கொடுத்தாள், கொடுத்துவிட்டுத் திரும்பி, இதயராசு, எக்கோவ இன்னுங் கொஞ்சம் கூட்டு, என்றாள்.