டிரம் அடுப்பில் ஒரு ஆட்டுத்தொடை

என் வீட்டுக்காரர் வேடியப்பன் பிரியாணி மாஸ்டர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத காதுகுத்தே கிடையாது என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் போன வருஷத்தோடு சரி. தொண்டையில் கட்டி வந்தது. வேலூருக்குக் கூட்டிப்போய் முப்பத்து மூன்று நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தோம். கட்டி கரைந்தது. கூடவே நாக்கு ருசியும் போய்விட்டது. ஆறு மாதத்தில் திரும்பலாம், ஒரு வருஷமும் ஆகலாம், சில பேருக்குத் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் ஒரே மூச்சில் மூன்றையும் சொன்னார். நான் முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது மாதம் ஆயிற்று.

ருசி தெரியாத மாஸ்டரை யார் கூப்பிடுவார்கள்? மனிதர் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடி அண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களை எண்ணிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி கொடுத்தாலும் குடிப்பார், கறிக்குழம்பு கொடுத்தாலும் குடிப்பார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான். "பேசாம என்னையும் அந்தக் கட்டியோட எரிச்சிருக்கலாம்"னு ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராஜம்மாள் ஓடி வந்தாள்.

பத்து நாளைக்கு முன்னால்தான் அந்த அதிசயம் நடந்தது. சமையலறை வாசப்படியில் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சியவர், "தேவி, உப்பு கம்மி" என்றார். நிஜமாகவே கம்மி. மறுநாள், "கொழம்புல புளி ஜாஸ்தி." அதுவும் நிஜம். பௌர்ணமிக்குச் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வந்தேன். கால் கொப்பளித்ததைக்கூட அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேங்கிக்கால் கோபி வந்தார். மகனுக்குக் காதுகுத்து, இருநூறு பேர். பிரியாணியோடு புகையில் வேகவைத்த ஆட்டுத்தொடையும் வேண்டுமாம். துபாய் ஓட்டலில் வேலை பார்த்தபோது என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டது அது. வெல்டிங் கடையில் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்து மூடி போட்டு, ஊருக்கு வந்ததும் அடுப்பும் செய்துகொண்டார்.

"ஞாயித்துக்கெழம ஒரு தொடையப் போட்டுப் பாக்கறேன் கோபி. நாக்கு ஒத்துழைச்சா சாயந்திரம் போன் பண்றேன். இல்லன்னா இந்தத் தொழிலையே உட்டுடறேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு காலை பின்கட்டில் கரியைப் பற்றவைத்தார். நெருப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் கம்பிமேல் வைத்து மூடினார். நெருப்பு கறியைத் தொடக்கூடாது, புகைதான் தொட வேண்டும். ஆறு மணி நேரம் ஆகும். புகைக்குக் காய்ந்த கொய்யாக் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். முன்பெல்லாம், "இது வேகறதுக்குள்ள எனக்கு முடியே நரைச்சிடும்"னு கிண்டல் செய்வேன். இந்தத் தடவை கட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் அசதியில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். கொய்யாக் கட்டை தீர்ந்துபோனது. எழுப்ப மனசு வரவில்லை. மதில் ஓரம், ஆடியில் கழித்துப்போட்ட வேப்பங்கிளை நன்றாகக் காய்ந்து கிடந்தது. அம்மை போட்டாலும் வேப்பிலை, காய்ச்சல் வந்தாலும் வேப்பிலை, எந்தச் சீக்குக்கும் முதலில் கைக்கு வருவது அதுதான். நோயாளி சாப்பிடப்போகிற கறிக்கு இதைவிட நல்ல புகை உண்டா? படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனை நினைத்துக்கொண்டு நாலு கை ஒடித்துப் போட்டேன். மாஸ்டர் பெண்டாட்டிக்கு மாஸ்டர் வேலை தெரிய வேண்டும் என்று சட்டமா என்ன?

புகை கட்டிக்கொண்டு கிளம்பியது. அவர் விழித்து, டிரம் பக்கம் மூக்கை நீட்டி, "வாசன தூக்குது தேவி" என்றார். எனக்கு மனசு பூரித்துப்போய்விட்டது.

நாலு மணிக்கு மூடியைத் திறந்தார். கறி சிவந்து, ஓரம் கருகி, எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. ஒரு நாரைப் பிய்த்து இடது புறங்கையில் வைத்து ஊதினார். நானும் கை நீட்டினேன்.

"இரு. மாஸ்டர்தான் மொதல்ல பாக்கணும்."

கண்ணை மூடி மென்றார். எச்சில் ஊறாத வாய், ஒரு மிடறு தண்ணீர் வைத்து விழுங்கினார். "உப்பு கரெக்ட். புகை பதமா ஏறியிருக்கு. வந்துடுச்சு தேவி, நாக்கு வந்துடுச்சு." கண் கலங்கியது அவருக்கு. உடனே போனை எடுத்துக் கோபியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு துண்டை வாயில் போட்டேன்.

கசப்பு. கஷாயத்தைக் காய்ச்சிக் காய்ச்சி வற்றவைத்த மாதிரி, அண்ணாக்கு வரைக்கும் ஏறிய கசப்பு. குமட்டலை அடக்கி நிமிர்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. ரசத்தை அன்றைக்கு நான்தான் முதலில் வாயில் விட்டுப் பார்த்தேன், குழம்பையும் நான்தான். வாசப்படியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து உப்பும் புளியும் சொல்லியிருக்கிறார் பாவி மனுஷன். என்னைச் சந்தோஷப்படுத்தவா, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளவா? நான் முகத்தைச் சரி செய்துகொண்டேன். ஆனால் லேட்.

"சொல்லுங்க மாஸ்டர், ஒத்துக்கறீங்களா?" என்றார் கோபி போனில்.

"வேற ஆளப் பாத்துக்கப்பா" என்று வைத்துவிட்டார். பிறகு என்னிடம், "இன்னா அதுல? உப்பா?"

"வேப்பங்கட்டயப் போட்டுட்டேங்க. உங்களுக்கு நல்லதுன்னு... வெஷமா கசக்குதுங்க."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "கசப்பா?" என்று இன்னொரு துண்டை எடுத்தார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாகத் தள்ளித் தள்ளி மென்றார். தண்ணீர் குடித்தார்.

"ரொம்பக் கசக்குதா?"

"ரொம்பங்க."

"இந்தக் கருகின பக்கம் ஜாஸ்தி இருக்குமா?"

இருக்கும் என்றேன். பிய்த்துத் தின்றார். ஒன்றுமில்லை என்று முகமே சொன்னது. கசப்பையாவது விட்டுவைக்கக்கூடாதா அந்தக் கரண்டு?

"போதுங்க, வவுத்துக்கு ஆவாது" என்று தட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை.

"இரு தேவி," என்றார் கெஞ்சலாக. "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடறேன்."